பாதிச் சட்டம்

“அத்தை, குமட்டிக்கிட்டு வருதுன்னா முன்னாடியே சொல்லிடுங்க. நான் ரெண்டு படி தள்ளி நின்னுக்கறேன்.”

“இது வெறும் வீடியோ மாப்பிள்ளை. ஆளை நேர்ல பார்த்ததும்தான் வரும். அப்போ நீங்க மாடியையே விட்டு இறங்கிடுங்க.”

படிக்கட்டுத் திருப்பத்தில் நின்று இருவரும் ஒரே போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போனுக்குள் கோட்டு போட்ட ஒருவர், பின்னால் அலமாரி நிறையச் சட்டப் புத்தகங்களோடு, விரலை ஆட்டிப் பேசினார்.

“நண்பர்களே! குளத்தில் ஒருவன் மூழ்குகிறான். நீங்கள் கரையில் நிற்கிறீர்கள். நீச்சல் தெரியும். கையில் கயிறுகூட இருக்கிறது. ஆனால் நீங்கள் அதை வீசாமல் வேர்க்கடலை கொறித்தபடி வேடிக்கை பார்க்கிறீர்கள். அவன் செத்துப்போகிறான். சட்டம் உங்களை என்ன செய்யும்? ஒன்றும் செய்யாது! அவன் உங்கள் பிள்ளையாக இருந்தால் வேறு கதை. நீங்களே தள்ளிவிட்டிருந்தால் வேறு கதை. காப்பாற்றுவதற்கென்றே சம்பளம் வாங்குபவராக இருந்தால் வேறு கதை. மற்றபடி, முன்பின் தெரியாத ஒருவனை நீங்கள் காப்பாற்றியே தீரவேண்டும் என்று நம் சட்டத்தில் ஒரு வரிகூடக் கிடையாது!”

அத்தை போனை அணைத்து, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருந்தவள் அத்தை. செத்ததாகச் சொல்லப்படுகிறவர் நிஜமாகவே செத்தாரா, எப்படிச் செத்தார் என்று போய்ப் பார்த்துவிட்டு வருகிற வேலை. அதை விட்ட பிறகு அதே வேலையைச் சொந்தமாகச் செய்கிறாள். மாப்பிள்ளை அவளுடைய மகளைக் கட்டியவன். வாய் நீளம் என்பதால் எந்த வேலையிலும் தங்காதவன். மாப்பிள்ளையை ஒருமையில் திட்ட முடியாதே என்பதற்காக அத்தை அவனை மரியாதையோடு திட்டுவாள். அவனும் மரியாதை குறையாமல் திருப்பிக் கொடுப்பான். கூட்டணி அப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

போனில் பேசியவருக்கு ஊர் வைத்த பெயர் சட்டப்புலி. வக்கீல் பேசுகிற சட்டத்தைப் பாமரனுக்கும் புரிகிற மாதிரி சொல்கிறார் என்று ஒரு பெரிய கூட்டம் அவரைத் தலையில் தூக்கி வைத்திருந்தது. அவருக்குக் கேமரா பிடித்துக்கொண்டிருந்தவர் போன வாரம் அவருடைய ஸ்டூடியோவிலேயே நெஞ்சு வலி வந்து இறந்துபோனார். விழுந்ததைச் சட்டப்புலி நேரில் பார்த்தார். பார்த்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். போலீஸ் கேட்டபோதும் இதைத்தான் சொன்னார். கூடவே அந்தக் குளத்துக் கதையையும் சொன்னார்.

போலீஸ் தலையைச் சொறிந்துகொண்டு திரும்பிப் போயிற்று. பழி மட்டும் ஒரு நர்ஸ் தலையில் விழுந்தது.

அந்த நர்ஸ் மூன்றாவது மாடிப் படியில் உட்கார்ந்திருந்தாள். ஸ்டூடியோவுக்கு நேர் எதிரே பல் ஆஸ்பத்திரி. அங்கேதான் அவளுக்கு வேலை. இப்போது உள்ளே விடவில்லை. அத்தையை வரச் சொன்னதும் அவள்தான்.

“இன்னொரு தடவை சொல்லும்மா,” என்றாள் அத்தை.

“கடைசிப் பேஷன்ட் போனப்புறம் கருவியெல்லாம் கழுவிக்கிட்டு இருந்தேன் மேடம். எதிர்ல தொம்முனு சத்தம். ஓடி வந்தேன். கதவுல கை வைக்கப் போனேன், மேல சிவப்பு லைட்டு எரிஞ்சுது. ரெக்கார்டிங் நடக்குதுன்னு அர்த்தம். முன்னாடி ஒரு தடவை தெரியாம திறந்துட்டேன். ‘லைட்டு எரியறது கண்ணுக்குத் தெரியலையா’ன்னு எல்லார் முன்னாடியும் கத்தினாரு. எங்க டாக்டர் என்னை மன்னிப்பு கேக்க வெச்சாரு. அதான்…”

“திரும்பிட்டே.”

“ஆமா. காலையில கூட்டிப் பெருக்கறவங்க வந்து பாத்தப்போ கேமரா அண்ணன் தரையில கிடந்தாரு. தலைக்குக் குஷன் வெச்சு, மேல் பட்டன் கழட்டி, தூங்கற மாதிரி. எழுப்பிப் பாத்திருக்காங்க.” அவள் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டாள். “அன்னைக்கு ரெக்கார்டிங்கே இல்லை, லைட்டும் எரியலைன்னு அந்த சார் சொல்றாரு. நான் சோம்பேறித்தனமா இருந்துட்டு இப்போ பொய் சொல்றேனாம். அண்ணனோட அம்மா வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டு, ‘நீ நர்ஸுதானேம்மா’ன்னு மட்டும் கேட்டாங்க. வேற எதுவும் கேக்கலை. இப்போ எனக்கே சந்தேகமா இருக்கு மேடம். லைட்டு எரிஞ்சுதா, இல்ல என் மன ஆறுதலுக்கு நானே எரிய வெச்சுக்கிட்டேனா?”

மாப்பிள்ளை ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். அத்தை ஒரு பார்வை பார்த்தாள். மூடிக்கொண்டான்.

“இங்கேயே இரும்மா. எங்கேயும் போகாதே.”

சட்டப்புலி அவர்களை மலர்ந்த முகத்தோடு வரவேற்றார். நேரில் ரொம்பக் குள்ளம். ஸ்டூடியோ என்பது ஒரே அறை. ஒரு மேசை, சக்கரம் வைத்த நாற்காலி, எதிரே கேமரா. கேமராவின் முகத்துக்கு முன்னால் சாய்வாக ஒரு கண்ணாடி. பேச வேண்டியது அதில் எழுத்து எழுத்தாக ஓடும், பேசுகிறவர் அதைப் படித்துக்கொண்டே நம் கண்ணைப் பார்ப்பதுபோல நடிக்கலாம். ப்ராம்ப்டர் என்பார்கள். சுவரோரம் அதை ஓட்டுகிற கம்ப்யூட்டர் தூசி படிந்து கிடந்தது.

மாப்பிள்ளை அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை உருவப் பார்த்தான். முழு வரிசையும் கையோடு வந்தது. அட்டையில் வரைந்து ஒட்டிய முதுகுகள்.

“படிச்சு முடிச்சுட்டீங்க போல சார். உள்ள ஒண்ணுமே மிச்சம் இல்லை.”

“அது செட்டிங்,” என்றார் சட்டப்புலி, கோபப்படாமல். “கேளுங்க மேடம். எனக்கு மறைக்க ஒண்ணுமில்லை. பேசிக்கிட்டு இருந்தோம். நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு விழுந்தான். நான் கிளம்பிட்டேன்.”

“ஒரு போன்கூடப் பண்ணாம?”

“பண்ணணும்னு எங்க எழுதியிருக்கு?”

“மனசுல எழுதியிருக்கும்னு நினைச்சேன்.”

“மனசு வேற, சட்டம் வேற. சில நாட்டுல உதவி பண்ணாம போனா குத்தம். நம்ம நாட்டுல இல்ல. ஜனங்களுக்கு இது புரியறதில்லை. புரிய வெக்கத்தான் நான் இருக்கேன்.” சொல்லிவிட்டு நாற்காலியில் போய் உட்கார்ந்து கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

அவர் குரலில் ஒரு சொட்டு வருத்தம் இருந்திருந்தால்கூட இந்த இடத்தில் எழுதியிருப்பேன். தேடிப் பார்த்துவிட்டேன், இல்லை.

மாப்பிள்ளை மேசையில் சாய்ந்துகொண்டான். “சார், உங்க முட்டை ஓட்டு மண்டை எபிசோட் பிரமாதம். எங்க வீட்ல எல்லாரும் பார்த்தோம்.”

சட்டப்புலியின் முகம் விளக்குப் போட்டதுபோல ஆயிற்று. “ஒருவன் தலையில் நீங்கள் விளையாட்டாகத் தட்டுகிறீர்கள். அவன் மண்டை முட்டை ஓடுபோல மெல்லியது. உடைந்துவிடுகிறது. ‘இவ்வளவு மெல்லிசுன்னு எனக்குத் தெரியாதே’ என்று நீங்கள் தப்பிக்க முடியுமா? முடியாது! நீங்கள் தட்டிய ஆள் எப்படி இருந்தானோ, அப்படியே அவனை ஏற்றுக்கொள்ள வேண்டும். முழுப் பொறுப்பும் உங்களுடையதே!” முடித்துவிட்டு விரலை ஆட்டினார்.

வீடியோவில் எங்கே விரலை ஆட்டினாரோ அதே இடத்தில். பேசும்போது அவர் கண் மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை. காற்றில் இல்லாத ஒரு வரியை இடமிருந்து வலமாக மேய்ந்துகொண்டிருந்தது. அத்தை அந்தக் கண்களையே பார்த்தாள்.

“எனக்கும் ஒரு சந்தேகம் சார். அந்தக் குளத்துக் கதையில, கரையில நிக்கிறவன் தண்ணியில இறங்கிடறான். பாதி தூரம் நீந்திப் போயிட்டு, வேண்டாம்னு திரும்பி வந்துடறான். அப்போ சட்டம் என்ன சொல்லும்?”

சட்டப்புலியின் கண்கள் ப்ராம்ப்டருக்குப் போயின. கண்ணாடி கறுப்பாக இருந்தது. அதைப் பார்க்க அவர் கழுத்தை நிமிர்த்த வேண்டியிருந்தது, உத்தரத்தில் பல்லி தேடுகிறவர் மாதிரி.

“அது… அது அடுத்த பகுதியில வரும்.”

“ஓ. இன்னும் வரலையா?”

“அன்னைக்கு எடுக்க வேண்டியது. அதுக்கப்புறம் நான் ரெக்கார்டிங்கே பண்ணலை.”

“எழுதிக் கொடுக்கறவர் போயிட்டாரே, பாவம்,” என்றாள் அத்தை. கேமரா பிடித்தவர்தான் எழுதிக்கொடுத்தவரும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. சட்டப்புலி மறுக்கவுமில்லை.

“சட்டம் படிச்சிருந்தான். கோர்ட்டுல நிக்க தைரியம் இல்லை. நான்தான் சோறு போட்டேன். அன்னைக்கு வந்து, ‘நாளையிலிருந்து கேமரா முன்னாடி நானே உக்காந்து பேசறேன், தனியா போறேன்’ங்கறான். அந்த மூஞ்சியை யார் மேடம் பார்ப்பாங்க?”

அத்தை சட்டென்று எழுந்தாள். “கை கழுவணும். குழாய் எங்கே?”

வெளியே வந்து, நர்ஸ் உட்கார்ந்திருந்த படிக்குப் பக்கத்துக் குழாயில் முழங்கை வரை கழுவினாள்.

“அத்தை, அந்த ஆளை நீங்க தொடக்கூட இல்லை.”

“அவன் உக்காந்த அறையில மூச்சு விட்டேனே, அது போதாதா? அந்த நாற்காலியில அவன் எப்படி உக்காந்திருந்தான், பார்த்தீங்களா?”

“சின்னப் பிள்ளை பெரியவங்க சாப்பாட்டு மேசையில உக்காந்த மாதிரி. மோவாய் மட்டும் மேசைக்கு மேல.”

“வீடியோவில?”

மாப்பிள்ளை யோசித்தான். “வீடியோவில நெஞ்சு வரைக்கும் தெரியும்.” அவன் முகம் மாறியது. “உயரத்துக்காக ரெண்டு குஷன் போட்டு உக்காந்திருப்பான். இப்போ கீழ ஒண்ணுதான் இருக்கு.”

“இன்னொண்ணு எங்கே போச்சு?”

படியில் இருந்த நர்ஸ் சொன்னாள். “அண்ணன் தலைக்கு.”

“நெஞ்சு வலியில விழுந்தவர் எழுந்து போய், இன்னொருத்தன் உக்காந்த குஷனை உருவி, தன் தலைக்கு வெச்சுக்கிட்டு மறுபடி விழ மாட்டாரு. அவன் உடனே கிளம்பலை. மாப்பிள்ளை, உங்களுக்குக் கேமரா ஓட்டத் தெரியுமா?”

“எங்க கல்யாணத்தையே நானே எடுத்திருப்பேன் அத்தை. மாப்பிள்ளை மணமேடையில இருக்கணும்னு நீங்கதான் பிடிவாதம் பிடிச்சீங்க.”

மறுபடி உள்ளே போனபோது அத்தையின் முகத்தில் தோற்றுப்போனவளின் களைப்பு இருந்தது. அது அவள் இன்ஷூரன்ஸ் காலத்து முகம். அந்த முகத்துக்கு முன்னால் வாயை விட்டவர்கள் நிறையப் பேர்.

“நீங்க ஜெயிச்சுட்டீங்க சார். சட்டம் உங்க பக்கம். எங்களால ஒண்ணும் பண்ண முடியாது.”

“நான்தான் முதல்லயே சொன்னேனே.”

“ஆனா ஜனங்க இருக்காங்களே. உங்க வீடியோவுக்குக் கீழ எழுதறதைப் படிச்சா மனசு கஷ்டமா இருக்கு. கல் நெஞ்சுக்காரன், பிணம் தின்னி… சீ, எனக்குச் சொல்லவே வாய் கூசுது.”

சட்டப்புலியின் தாடை இறுகியது. வீடியோ பார்க்கிற கூட்டம் கலைந்துபோய்க்கொண்டிருந்தது அவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.

“அதுல பாருங்க,” என்று அத்தை தொடர்ந்தாள், “யாரோ ஒரு நல்ல மனசு அவர் தலைக்குக் குஷன் வெச்சு, பட்டனைக் கழட்டி விட்டிருக்கு. அந்த நர்ஸா இருக்குமோன்னு ஒரு பேச்சு கிளம்பியிருக்கு. அது பரவிடுச்சுன்னா அவளைத் தேவதைன்னு சொல்லப் போறாங்க.”

“அவளா?” சட்டப்புலி நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். “அவ கதவுகூடத் திறக்கலை! நான் வெச்சேன் மேடம். என் குஷன் அது!”

“நீங்களா! அப்போ இதை ஏன் சார் உள்ளயே வெச்சிருக்கீங்க? உலகத்துக்குச் சொல்லுங்க. கேமரா இருக்கு, மாப்பிள்ளை எடுத்துக் கொடுப்பாரு. உங்க மேல இருக்கற கறை அப்படியே போயிடும்.”

ஆசை அவர் கண்ணில் ஏறியது. தலையைச் சீவிக்கொண்டார். உட்கார்ந்தார். கை தானாக மேசைக்கு அடியில் போய் ஒரு சுவிட்சைத் தட்டியது. கதவுக்கு மேலே வெளியே சிவப்பு விளக்கு எரிந்திருக்கும். வெளியே யாரோ மூச்சை இழுத்துப் பிடித்த சத்தம் மெல்லக் கேட்டது. அதை அத்தை மட்டும்தான் கவனித்தாள்.

“ஓடுது சார்,” என்றான் மாப்பிள்ளை கேமராவுக்குப் பின்னாலிருந்து.

“நண்பர்களே! என்னைக் கல் நெஞ்சுக்காரன்னு சொல்றீங்க. உண்மையைக் கேளுங்க. என் நண்பன் விழுந்தப்போ நான் பதறிட்டேன். என் குஷனையே எடுத்து அவன் தலைக்கு வெச்சேன். பட்டனைக் கழட்டினேன். அவன் போனை எடுத்து யாரையோ கூப்பிடப் பார்த்தான். நான் அதை வாங்கி மேசை மேல வெச்சு, ‘ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டேன்டா, நான் இருக்கேன், பேசாம படு’ன்னு சொன்னேன். அவன் என் கையைப் பிடிச்சுக்கிட்டு தலையை ஆட்டினான். அவ்வளவு நம்பிக்கை என் மேல.”

“ஆம்புலன்ஸுக்குச் சொன்னீங்களா சார்?” அத்தையின் குரல் மிக மெதுவாக வந்தது.

“அவன் நிம்மதிக்காகச் சொன்னது மேடம். கூப்பிடணும்னு சட்டம் இல்லையே.”

“வெளியில யாராவது வந்தாங்களா?”

“யாரோ ஓடி வர்ற சத்தம் கேட்டுச்சு. கூட்டம் கூடினா அவனுக்குக் காத்து கிடைக்காது. அதனால லைட்டைப் போட்டேன். போயிட்டாங்க. அவன் அடங்கற வரைக்கும் கூடவே இருந்தேன். வேற யார் இருப்பாங்க? அப்புறம் லைட்டை அணைச்சுட்டுத்தான் கிளம்பினேன். மின்சாரம் வீணாகக் கூடாது பாருங்க.”

இதுவரை இந்த ஆளை மரியாதையோடு எழுதிவந்தேன். இனி என்னால் முடியாது.

மாப்பிள்ளை கேமராவை விட்டு முகத்தை எடுத்தான். அத்தை எழுந்து, கம்ப்யூட்டர் மேல் இருந்த தூசியைத் துடைத்து அதை எழுப்பினாள்.

“அருமையா சொன்னீங்க. ஆனா முடிவு இன்னும் கம்பீரமா இருக்கணும். அன்னைக்கு எடுக்க வேண்டிய ரெண்டாம் பகுதியை உங்க நண்பர் இதுல ஏத்தி வெச்சுட்டுத்தான் போயிருக்காரு. அவர் நினைவா அதைப் படிச்சு முடிச்சிடுங்க. நான் ஓட்டறேன்.”

கண்ணாடியில் எழுத்து ஓடத் தொடங்கியது. அவன் கழுத்தை நிமிர்த்தினான். எழுத்து ஓடினால் படிக்கிற வாய் அது. என்ன படிக்கிறோம் என்று யோசித்துப் பழக்கமில்லை.

“நண்பர்களே! கரையில் வேடிக்கை பார்ப்பவனைச் சட்டம் ஒன்றும் செய்யாது என்று சென்ற பகுதியில் சொன்னேன். பலருக்குக் கோபம் வந்தது. வரவேண்டும். அந்தக் கோபத்துக்குச் சட்டம் வைத்திருக்கும் பதில்தான் இந்தப் பகுதி.” அவன் விரலை ஆட்டினான். “சும்மா நிற்பவனுக்குத்தான் அந்தச் சலுகை. அவன் தண்ணீரில் காலை வைத்துவிட்டால் கதை மாறிவிடும். ‘நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று ஒருவன் பொறுப்பை எடுத்துக்கொண்டால், அதை நம்பி மூழ்குகிறவன் கத்துவதை நிறுத்திவிட்டால், உதவ ஓடிவந்தவர்களை அவன் திருப்பி அனுப்பிவிட்டால், அதற்குப் பிறகு அந்த உயிருக்கு அவன்தான்…”

நின்றான். இந்த முறை கண்கள் வரியின் ஆரம்பத்துக்குத் திரும்பிப் போயின. எனக்குத் தெரிந்து அவன் வாழ்க்கையில் ஒரு வரியை இரண்டாவது தடவை படித்தது அன்றுதான்.

“படிங்க,” என்றாள் அத்தை.

“…அவன்தான் பொறுப்பு. ஒன்றுமே செய்யாதவன் தப்பிக்கலாம். உதவுவதாகச் சொல்லிக் கைவிட்டவன் தப்பிக்க முடியாது.” குரல் உள்ளே போய்விட்டது. அடுத்த வரியில் அடைப்புக்குறிக்குள் இருந்ததையும் வாய் பழக்கத்தில் படித்துவிட்டது. “இங்கே சிரிக்கவும்.”

முகத்தில் ஈயாடவில்லை. “இது… இதை அவன் எங்கிட்ட சொல்லவே இல்லையே!”

“சொல்லத்தான் அன்னைக்கு வந்தாரு. நீ அவரைப் பேசாம படுக்கச் சொல்லிட்டே. பையை எடுத்துக்கிட்டு அப்படியே போயிருந்தா, உன் மேல காறித் துப்பறதைத் தவிர எங்களால ஒண்ணும் முடியாது. குஷன்தான் உன்னைக் கெடுத்துச்சு. நல்லவன்னு பேர் வாங்க அதையும் உன் வாயாலயே சொல்லிட்டே.”

“நிறுத்து! கேமராவை நிறுத்துய்யா! அதை அழி!” அவன் மேசையைச் சுற்றிக்கொண்டு பாய்ந்தான். மாப்பிள்ளை கேமராவைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

அப்போது கதவு திறந்தது. யாரும் தட்டவில்லை.

அவன் திரும்பினான். உயிர் போகிற அந்த நேரத்திலும் பழக்கம் போகவில்லை. அறையே அதிரக் கத்தினான்.

“லைட்டு எரியறது கண்ணுக்குத் தெரியலையா?”

நர்ஸ் வாசலில் நின்றாள். கைப்பிடியை விடவில்லை. தலையை நிமிர்த்தி, கதவுக்கு மேலே எரிந்த சிவப்பு விளக்கை ஒரு தடவை பார்த்துவிட்டு அவனைப் பார்த்தாள்.

“தெரியுது சார்,” என்றாள். “அன்னைக்கும் தெரிஞ்சுது.”

மாப்பிள்ளை கேமராவை நிறுத்தவில்லை.